செத்த மனைவி திரும்பி வந்தாளா? பிளாக்பர்ன் நெசவுக் குடும்பத்தின் எட்டுத் தலைமுறை (உதவி தேவை)

#1 ரிப்பிள்கரை

எல்லோருக்கும் வணக்கம். சமையல் பகுதியில் மட்டும் என்னைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்படலாம். இது வேறு சங்கதி.

நான் திருச்சிக்காரி. கட்டிக்கொண்டது வட இங்கிலாந்தில் லங்காஷயர்காரரை. மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். என் பக்கம் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. கணவர் பக்கம் என்னவென்று மாமியாரிடம் கேட்டேன். பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கிக் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே பழைய சான்றிதழ்கள், இரண்டு போட்டோ, அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் 1990-களில் எழுதிவைத்த ஒரு நோட்டு. பள்ளி வேலை இரண்டு நாளில் முடிந்தது. நான் மூன்று மாதமாக எழுந்திருக்கவில்லை!

மாமியாரின் தாய்வழி இது. எல்லோரும் லங்காஷயரில் பிளாக்பர்ன் என்ற ஆலை ஊர், அதன் சுற்றுப்பட்டி. எல்லோரும் நெசவு. உயிரோடு இருப்பவர்கள் இருப்பதால் பெயர் போடவில்லை, பிறந்த வருடத்தை வைத்தே சொல்கிறேன்.

1793-காரர்: மெல்லர் என்ற மேட்டுக் கிராமத்தில் கைத்தறி. அவர் மகன் 1831-காரர், விசைத்தறி. அவர் மகன் 1853-காரர், ஆலையில் டாக்லர், அதாவது தறிகளைச் சரிசெய்து ஓட வைக்கும் மேஸ்திரி. அவர் மகன் 1884. அவர் மகள் 1909, இவர்தான் மாமியாரின் அம்மா. அப்புறம் மாமியார், என் கணவர், என் மகள்.

சிக்கல் 1853-காரரிடம். 1878-ல் ஒரு மகள் பிறந்திருக்கிறாள். 1879 டிசம்பரில் மனைவி இறந்த சான்றிதழ் டப்பாவிலேயே இருக்கிறது, காசநோய், வயது 24. 1881 சென்சஸில் அவர் மனைவியை இழந்தவர், வீட்டு வேலைக்கு ஒரு பெண் இருந்தாள் என்று நோட்டு சொல்கிறது. சரி. 1884-ல் மகன் பிறக்கிறான். அரசுப் பதிவு அலுவலகத்தின் இணையப் பட்டியலில் அவனுக்குத் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைப் பார்த்தால், இறந்துபோனவளின் அதே பெயர்! 1891 சென்சஸில் 'மனைவி' என்று ஒருத்தி இருக்கிறாள், முதற்பெயர் வேறு. இரண்டாம் கல்யாணத்துக்கு எங்கேயும் பதிவு இல்லை.

செத்தவள் எழுந்து வந்தாளா, பட்டியலில் தப்பா?

இன்னொன்று. 1793-காரருக்கு 1841 சென்சஸில் வயது 45, 1851-ல் 58. ஒரே ஆள்தானா?

#2 பழங்கணக்கு

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில். ஒரே ஆள்தான், பயப்பட வேண்டாம். 1841-ல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 47, 48 எல்லாம் 45 ஆகிவிடும். அந்த வருடம் உறவுமுறையும் எழுதவில்லை, பிறந்த ஊரும் இல்லை. இதே மாவட்டத்தில் பிறந்தாரா, ஆம் இல்லை, அவ்வளவுதான். 1851-லிருந்துதான் உறவு, வயது, பிறந்த ஊர் மூன்றும் ஒழுங்காகக் கிடைக்கும்.

மற்றச் சிக்கலுக்கு ஒரு கேள்வி. 1881 ஏட்டின் படத்தை நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்தீர்களா, அல்லது நோட்டில் எழுதியதை நம்புகிறீர்களா? நான் லண்டனில் பதினைந்து வருடமாக ஒரு வரலாற்றுச் சங்கத்துக்குப் பழைய ஏடுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதும்போது முதலில் விழுவது உறவுமுறைப் பத்திதான். மூலப் படத்தைப் பாருங்கள்.

#3 குறுக்குசால்

ஒன்று கேட்கலாமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்க் கைத்தறியை ஒழித்துக்கட்டியது இந்த லங்காஷயர் துணிதான். அவர்களுடைய பாட்டன் பூட்டனைத் தேடி நாம் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? அவரவர் குலதெய்வக் கோயில் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் முக்கால்வாசிப் பேர் அலைகிறோம்.

#4 பாவுநூல்

குறுக்குசால் அண்ணே, பெயருக்கு ஏற்ற மாதிரி வந்துவிட்டீர்கள் 😀

நான் குமாரபாளையம். தாத்தா கைத்தறி, அப்பா விசைத்தறி. அக்கா எழுதியதில் 1793 கைத்தறி, 1831 விசைத்தறி என்று படித்ததும் எங்கள் வீட்டுக் கதையை நூற்றைம்பது வருடம் முன்னால் தள்ளி வைத்தது போல இருந்தது. அந்த மெல்லர் தாத்தாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் அக்கா. அவர் யாரையும் ஒழித்த ஆளாகத் தெரியவில்லையே.

#5 ரிப்பிள்கரை

பாவுநூல் தம்பி, நானும் அதையே நினைத்தேன். அவர் ஒழிந்துபோன கட்சி.

1800-களின் தொடக்கத்தில் லங்காஷயரில் நல்ல கைத்தறிக்காரர் வாரம் 20 ஷில்லிங்குக்கு மேல் பார்த்திருக்கிறார். 1830 வாக்கில் அது 6 ஷில்லிங் அளவுக்கு வந்துவிட்டது. 1826 ஏப்ரலில் பிளாக்பர்ன் பக்கத்து நெசவாளர்கள் கூட்டமாகப் போய் ஆலை ஆலையாக விசைத்தறியை உடைத்தார்கள். சில நாளில் ஆயிரத்துக்கும் மேல். சாட்டர்டன் என்ற இடத்தில் படை சுட்டு ஆறு பேர் செத்தார்கள். நம் ஆளுக்கு அப்போது 33 வயது. போனாரா, வீட்டிலேயே இருந்தாரா என்று எந்தத் தாளிலும் இல்லை. கைதானவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பது வரை பார்த்தேன்.

1831-ல் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஏட்டில் 'நெசவாளர், மெல்லர்' என்று இருக்கிறது. 1813-லிருந்து அச்சடித்த படிவம் வந்ததால் அப்பாவின் தொழிலும் ஊரும் கிடைக்கிறது. அதற்கு முன்னால் வெறும் பெயர்தான். 1861 சென்சஸில் மகன் வீட்டில், 'முன்னாள் கைத்தறி நெசவாளர்'. 1863-ல் இறந்த இடம், 'யூனியன் வொர்க்ஹவுஸ்'. ஏழைகளைச் சேர்த்து வைக்கும் இடம், அரைவயிற்றுக் கஞ்சியும் வேலையும். மகன் இருக்கும்போதே அப்பா ஏன் அங்கே போனார் என்று மாமியாருக்கு முகம் வாடிவிட்டது.

#6 பழங்கணக்கு

மாமியாரிடம் சொல்லுங்கள், 1863 என்ற வருடத்தைப் பாருங்கள் என்று. மகன் மேல் குற்றம் இல்லை. அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை, பஞ்சு வரவில்லை. 1862 கடைசியில் பஞ்சாலை மாவட்டங்களில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் நிவாரணத்தில் இருந்தார்கள். விசைத்தறி மகனே சோற்றுக்குச் சீட்டு வாங்க வரிசையில் நின்றிருப்பான்.

குறுக்குசால் தம்பிக்கு ஒரு தகவல். அப்போது பதிலுக்கு வந்தது இந்தியப் பஞ்சு. 'சூரத்' என்றுதான் அங்கே சொன்னார்கள். இழை குட்டை, அடிக்கடி அறும். நெய்த அளவுக்குக் கூலி என்பதால் அறுந்த நூலை முடிந்துகொண்டே இருந்தால் கூலி விழாது. 'சூரத்' என்ற சொல்லே மட்டமான சரக்கு என்று அவர்கள் வாயில் வசையாகிவிட்டது.

#7 பாவுநூல்

ஐயா, இது எங்களுக்குப் புரியும். மட்டமான நூல் வந்தால் ஒரு ஷிஃப்டே வீண். தறி நின்ற நேரத்துக்கு எவனும் காசு தர மாட்டான்.

#8 குறுக்குசால்

ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது ஆலை முதலாளியைப் பற்றி. நெசவாளியைச் சொல்லவில்லை. அந்தச் செத்த மனைவி விஷயம் என்ன ஆயிற்று?

#9 ரிப்பிள்கரை

பழங்கணக்கு அண்ணா, மூலப் படத்தைப் பார்த்தேன். கை நடுங்கியது என்றால் சிரிப்பீர்கள்.

1881 ஏப்ரல் 3. வீட்டில் மூன்று பேர். குடும்பத் தலைவர், மனைவியை இழந்தவர், 27. மகள், 3. மூன்றாவது ஒரு பெண், 21, தொழில் 'வீட்டைப் பார்த்துக்கொள்பவர்'. நோட்டு எழுதிய அண்ணன் அந்தத் தொழிலை மட்டும் பார்த்துவிட்டு 'வேலைக்காரி' என்று போட்டுவிட்டார். உறவுப் பத்தியில் தெளிவாக இருக்கிறது: மனைவியின் சகோதரி.

இந்த 21-ம் 1891-ல் மனைவியின் 31-ம் சரியாக ஒத்துப்போகிறது. முதற்பெயரும் அதே.

#10 பாவுநூல்

அட, மச்சினியைக் கட்டியிருக்கிறார்! இதற்கா மூன்று மாதம்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். அக்கா செத்தால் கைக்குழந்தையைப் பார்க்க வேறொருத்தி ஏன், தங்கச்சியையே கொடுத்துவிடு என்பார்கள். எங்கள் பெரியம்மா செத்தபோது சின்னம்மாவைத்தான் கட்டி வைத்தார்கள்.

#11 பழங்கணக்கு

அதுதான் இல்லை தம்பி. நமக்குச் சாதாரணம், அங்கே சட்ட விரோதம்.

இறந்த மனைவியின் சகோதரியைக் கட்டுவது இங்கிலாந்துத் திருச்சபைக்கு முறைகேடு. மனைவியும் கணவனும் ஒரே உடல் என்றால் அவள் தங்கை இவனுக்கும் தங்கை என்ற கணக்கு. யார் யாரைக் கட்டக்கூடாது என்று ஒரு பட்டியலைத் தேவாலயச் சுவரிலேயே மாட்டி வைத்திருப்பார்கள், அதில் இந்த உறவும் இருக்கும். 1835-க்கு முன் இப்படிக் கட்டினால், யாராவது வழக்குப் போட்டால்தான் கல்யாணம் உடையும். 1835 சட்டத்துக்குப் பிறகு அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. இதை மாற்றச் சொல்லி நாடாளுமன்றத்தில் எத்தனையோ முறை மசோதா வந்தது. பிரபுக்கள் சபையும் ஆயர்களும் விடவில்லை. ஒருவழியாக 1907 ஆகஸ்டில்தான் சட்டம் மாறியது.

ஆகவே அந்த இரண்டாம் கல்யாணப் பதிவு கிடைக்காததில் வியப்பில்லை. ஒன்று, தெரியாத ஊருக்குப் போய்ப் பொய் முகவரி கொடுத்துக் கட்டியிருப்பார்கள். மான்செஸ்டர் போன்ற பெரிய ஊரில் பாதிரியாருக்கு முகம் தெரியாது. அல்லது கட்டாமலே கூடி வாழ்ந்திருப்பார்கள்.

தங்கச்சி, இரண்டு காரியம் செய்யுங்கள். மான்செஸ்டர்ப் பக்கம் 1881 முதல் 1884 வரை தேடுங்கள். அப்புறம் 1907 செப்டம்பருக்குப் பின்னால் பிளாக்பர்னிலேயே தேடுங்கள்.

#12 மைக்கூடு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். லீட்ஸிலிருந்து. மாமியார் டிஎன்ஏ பார்த்திருக்கிறாரா? 1878 மகளுக்கும் 1884 மகனுக்கும் அப்பா ஒருவர், அம்மாக்கள் அக்கா தங்கை. அப்படிப் பிறந்தவர்களை முக்கால் உடன்பிறப்பு என்பார்கள். வெறும் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் என்றால் சராசரி 25 சதவீதம் பொருந்தும், இவர்களுக்கு 37.5. ஆனால் நாலு தலைமுறை தள்ளி வந்தால் வித்தியாசம் மங்கிவிடும். தாள் இருக்கும்போது எச்சிலை நம்ப வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரு பொடி யோசனை. பட்டியலில் கிடைக்காவிட்டால் குடும்பப் பெயரின் முதல் எழுத்தை விட்டுத் தேடுங்கள். லங்காஷயர்க்காரர்கள் பேச்சில் முதல் 'ஹ' ஓசையை விழுங்கிவிடுவார்கள். கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். சில சமயம் இல்லாத 'ஹ'-வைத் தானாகச் சேர்த்தும் எழுதியிருப்பார்.

#13 ரிப்பிள்கரை

மைக்கூடு, உங்கள் வாய்க்குச் சர்க்கரை! 1871-ல் 1831-காரரைக் காணவில்லை என்று எத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். 'ஹ' இல்லாமல் தேடினேன், அடுத்த தெருவில் இருக்கிறார். நம் ஆட்கள் ழகரத்தை விழுங்குவது போலத்தான்.

மான்செஸ்டரில் ஒன்றும் இல்லை. ஒரு ஜோடி கிட்டத்தட்ட ஒத்துவந்தது. சான்றிதழ் வாங்கிப் பார்த்தால் மாப்பிள்ளை மீன் வியாபாரி. காசு போச்சு.

1907 பக்கம் இனிமேல்தான் பார்க்க வேண்டும். இந்த வாரம் மாமியாருக்கு முழங்கால் வலி, ஆஸ்பத்திரி அலைச்சல்.

#14 பாவுநூல்

அதுவரை 1884-காரரைப் பற்றிச் சொல்லுங்கள் அக்கா. எத்தனை வயதில் தறிக்குப் போனார்? எங்கள் அப்பா பன்னிரண்டில்.

#15 ரிப்பிள்கரை

பதினொன்றில். ஆஸ்பத்திரியில் காத்துக்கொண்டிருந்தபோது மாமியார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அப்போது அரைநேரப் பிள்ளைகள் என்று ஒரு முறை. பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளிக்கூடம். ஒரு வாரம் காலையில் ஆலை, மறு வாரம் மதியத்தில். 1844 சட்டத்தில் எட்டு வயதிலிருந்தே சேர்க்கலாம். பிறகு பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஏற்றினார்கள். ஒழிந்தது 1918 கல்விச் சட்டத்தால், நடைமுறைக்கு வந்தது 1921-ல். பல பெற்றோருக்கே அதை ஒழிப்பதில் விருப்பம் இல்லையாம், பிள்ளையின் சில்லறைக் கூலி அடுப்புக்கு வேண்டியிருந்தது. காலை ஆறு மணிக்கு ஆலைக்குப் போய்வந்த பிள்ளை மதியம் வகுப்பில் தூங்கும். சில வாத்தியார்கள் எழுப்ப மாட்டார்களாம்.

மாமியாரின் தாத்தா அவர். இவருக்கு நினைவிருக்கிறது. முன்பல் இரண்டும் கெட்டிருக்குமாம். நாடாவில், அதாவது தறியில் குறுக்கே ஓடும் கட்டையில், புதுத் தார் (நூல் சுற்றிய குச்சி) மாட்டினால் நூல் நுனியைக் கண் துவாரத்தில் வாயை வைத்து உறிஞ்சி வெளியே இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. அதற்கு அங்கே பெயர் 'நாடாவை முத்தமிடுவது'. ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைப்பார். சளி, காசம் எல்லாம் சேர்ந்து பரவும். 1952-ல்தான் தடை செய்தார்கள்.

இன்னொன்றும் சொன்னார். தறிச் சத்தத்தில் காது கேட்காது, அதனால் வாயை அகல அகலத் திறந்து, முகத்தைக் கோணி, சத்தமில்லாமல் பேசுவார்கள். மீ-மாயிங் என்று பெயர். வேலையை விட்டு முப்பது வருடம் கழித்தும் அவருடைய அம்மா, அதாவது 1909-காரி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ரகசியம் பேசும்போது அப்படித்தான் பேசுவாராம். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தபடியே மாமியார் எனக்கு அதைச் செய்து காட்டினார். எதிரே இருந்தவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

முதல் உலகப்போரில் 1884-காரர் படைக்குப் போனார். அந்தப் பதிவு இல்லை. 1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து படைப் பதிவுகள் இருந்த கிடங்கு எரிந்தது, சிப்பாய்களின் தாள்களில் பாதிக்கு மேல் போய்விட்டது. பதக்க அட்டை ஒன்றுதான் மிச்சம்.

#16 குறுக்குசால்

பதிவு எரிந்தது என்றதும் நினைவுக்கு வருகிறது. 1931 சென்சஸும் இல்லை என்கிறார்களே?

#17 பழங்கணக்கு

ஆம், அது குண்டில் போகவில்லை. 1942 டிசம்பரில் ஹேஸ் என்ற இடத்தில் சேமிப்புக் கிடங்கு தீப்பிடித்தது, இங்கிலாந்து–வேல்ஸ் ஏடுகள் முழுதும் சாம்பல். 1941-ல் போர், எடுக்கவே இல்லை. ஆகவே 1921-க்குப் பிறகு 1951 வரை வெற்றிடம். 1951-க்கு நூறு வருடப் பூட்டு.

ஆனால் ஒரு புண்ணியம். 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காக நாடு முழுக்கப் பெயர் எடுத்தார்கள். அதில் பிறந்த தேதியே இருக்கும். பிறகு மருத்துவ சேவை அந்த ஏட்டையே பல காலம் பயன்படுத்தியதால், கல்யாணமான பெண்களின் புதுக் குடும்பப் பெயரை மேலே எழுதி வைத்திருப்பார்கள். பெண் வழியைத் தேடுகிறவர்களுக்கு அது தங்கம்.

#18 ரிப்பிள்கரை

அதில்தான் 1909-காரியைப் பிடித்தேன் அண்ணா. 'பஞ்சு நெசவு', பிறந்த தேதி, பழைய குடும்பப் பெயரை அடித்து மேலே புதுப் பெயர்.

குறுக்குசால் அண்ணாவுக்காக ஒரு சேதி. பிளாக்பர்னில் பல ஆலைகள் இந்தியாவுக்கு வேட்டி நெய்துகொண்டிருந்தவை. பாட்டி, அதாவது இந்த 1909-காரி, வேலை பார்த்த ஆலையும் அதுதான் செய்ததாம். அங்கே 'தூட்டி' என்பார்கள். 1920-களுக்குப் பிறகு சரக்கு தேங்கி ஆலைகள் மூடின. இந்தியாவில் சொந்த ஆலைகள், ஜப்பான் போட்டி, நடுவில் காந்தியின் அந்நியத் துணி மறுப்பு. 1931 செப்டம்பரில் வட்டமேஜை மாநாட்டுக்கு வந்த காந்தி பக்கத்து ஊர் டார்வனுக்கு வந்து தங்கினார். ஆலைப் பெண்கள் கையைத் தூக்கி ஆரவாரம் செய்ய நடுவில் அவர் போர்த்திக்கொண்டு நிற்கும் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். 'எங்க அம்மா அதில் இருக்கா' என்பது மாமியாரின் உறுதி. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். இவராக இருக்கலாம் என்று மூன்று பேரைக் காட்டுகிறார், ஒவ்வொரு முறையும் வேறு வேறு மூன்று பேர்.

வேலை போனதற்குக் காரணமானவர் என்று கேள்விப்பட்ட ஆளைப் பார்க்க அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் போனாராம். "ரொம்ப ஒல்லியா இருந்தார், குளிருக்கு அது போதாதே" என்பதுதான் பாட்டி சொன்ன மொத்தமும்.

#19 குறுக்குசால்

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாயையே திறந்திருக்க மாட்டேன்.

#20 ரிப்பிள்கரை

கிடைத்துவிட்டது!!!

1907, அக்டோபர்–டிசம்பர் காலாண்டு. பிளாக்பர்ன் பதிவாளர் அலுவலகம், தேவாலயம் இல்லை. சான்றிதழ் இன்று தபாலில் வந்தது. மாப்பிள்ளை 54, மனைவியை இழந்தவர், டாக்லர். பெண் 48, கன்னிப்பெண். இருவர் முகவரியும் ஒரே வீடு. இருபத்து மூன்று வயது மகன் இருக்கும்போது 'கன்னிப்பெண்' என்று எழுத அந்தப் பதிவாளர் முகம் எப்படி இருந்திருக்கும்!

சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று யாரோ ஆலைக்காரர். இன்னொன்று 1878-ல் பிறந்த மகள். மூத்தவளின் மகள். அப்போது அவளுக்கு 29, கல்யாணமாகிப் புதுக் குடும்பப் பெயரோடு போட்டிருக்கிறாள். அழகான கையெழுத்து. அவள் பாட்டி 1853-ல் பிள்ளை பிறந்ததைப் பதிய வந்தபோது கையெழுத்துத் தெரியாமல் பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

#21 பாவுநூல்

அக்கா, படிக்கும்போதே தொண்டையை அடைக்கிறது. சித்தி கல்யாணத்துக்கு மகள் சாட்சி.

யோசித்துப் பாருங்கள், நம் மொழியில் அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாம் தாரமும் சித்தி. அந்தப் பிள்ளை நம் ஊரில் இருந்திருந்தால் கூப்பிடும் பெயரைக்கூட மாற்ற வேண்டியிருந்திருக்காது.

#22 பழங்கணக்கு

நல்ல வேலை, தங்கச்சி. 1884-ல் மகன் பிறப்பைப் பதியும்போது தாங்கள் கல்யாணமானவர்கள் என்று பொய் சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் பட்டியலில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் அந்த இடத்தில் வந்திருக்காது, வெறும் கோடுதான் இருக்கும். அந்தப் பொய் இல்லையென்றால் உங்களுக்கு இந்த நூல் நுனியே கிடைத்திருக்காது.

1911 சென்சஸைப் பார்த்தீர்களா? அதற்கு முன்னையவை கணக்கெடுப்பவர் பிரதி எடுத்தவை. 1911-ல்தான் வீட்டுக்காரரே எழுதிய தாள் அப்படியே இருக்கிறது. அதில் இந்தக் கல்யாணம் எத்தனை வருடம், எத்தனை பிள்ளை உயிரோடு பிறந்தது, எத்தனை இருக்கிறது, எத்தனை இறந்தது என்று கேட்டிருப்பார்கள். அவர் என்ன எழுதினார் என்று அறிய எனக்கே ஆவல்.

#23 ரிப்பிள்கரை

நேற்று இரவு பார்த்தேன் அண்ணா. மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

கல்யாண வருடப் பத்தியில் முதலில் '28' என்று எழுதியிருக்கிறார். பேனாவை அழுத்தி. பிறகு அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் சின்னதாக '3'. அதே மை, அதே கை. பிள்ளைகள்: பிறந்தது 5, இருப்பது 2, இறந்தது 3.

இந்த 5 இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் மட்டும். இரண்டு மகன்கள் இருப்பது தெரியும். மூன்று குழந்தைகள் இரண்டு சென்சஸுக்கு நடுவில் பிறந்து நடுவிலேயே போய்விட்டன. ஒரு ஏட்டிலும் பெயர் இல்லை. இறப்புப் பட்டியலில் அந்தக் குடும்பப் பெயரையும் வயது 0, 1 என்றும் போட்டுத் தேடினேன், மூன்றும் வந்தன. 1889, 1893, 1899. அந்த 1899-ல் நாடு முழுக்கவே ஆயிரம் குழந்தைக்கு 163 ஒரு வயதுக்குள் செத்திருக்கிறது. ஆலை ஊர்களில் நிலைமை அதைவிட மோசம், அம்மாக்கள் பிரசவித்த கொஞ்ச வாரத்தில் தறிக்குத் திரும்ப வேண்டும்.

மாமியார் ரொம்ப நேரம் அந்த '28'-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டீ போட எழுந்து போனார். சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது: "முதல்ல எழுதினதுதான் சரி."

#24 மைக்கூடு

கல்லறைத் தோட்டப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் குழியில் யார் யார் என்று குழி எண்படி இருக்கும். கல் இல்லாவிட்டாலும் எண் இருக்கும்.

#25 ரிப்பிள்கரை

சனிக்கிழமை போய்விட்டு வந்தோம். மழை. மகளும் வந்தாள், மாமியார் கைத்தடியோடு.

பதிவேட்டில் ஒரே குழிக்கு ஆறு பேர். 1879, மூத்தவள். அப்புறம் மூன்று குழந்தைகள். 1919, அவர். 1926, இளையவள். குழி அவர் 1879-ல் விலைக்கு வாங்கியது. மேலே கல் எதுவும் இல்லை, புல்தான். பக்கத்துக் கல்லை வைத்து அளந்துதான் இடத்தைக் கண்டுபிடித்தோம்.

சின்னதாக ஒரு கல் வைக்கலாம் என்று மாமியார் சொல்கிறார். அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்பதில்தான் வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு. மாமியாருக்கு இளையவள்தான் பாட்டி வழி, அவள் பெயர் 1853-காரர் பெயருக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்கிறார். என் கணவர், அவரவர் இறந்த தேதிப்படி போடு என்கிறார்.

#26 குறுக்குசால்

மூத்தவள் பெயர்தான் முதலில். இதில் என்ன பேச்சு?

#27 பாவுநூல்

குறுக்குசால் அண்ணே சொன்னதை நான் முதல்முறையாக வழிமொழிகிறேன். குழந்தைகள் மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்களா அக்கா?

#28 ரிப்பிள்கரை

மூன்றுக்கும் இருக்கிறது தம்பி. 1889-ல் போனது பெண். அதற்கு அக்காவின் பெயரைத்தான் வைத்திருக்கிறாள்.